இடது என்றால் அவருடைய இடது

பனகல் சாலை ஸ்கேன் சென்டரில்
மாடிப்படிக்கு அடியில் என் மேசை.
காதில் தெய்வநாயகி டாக்டரின் குரல்.
கீபோர்டில் நான்கு எழுத்து தேய்ந்துவிட்டது.

சேர்ந்த முதல் வாரம் படித்தது இது:
உடம்பு எப்போதும் நிற்கிறது.
ஸ்ட்ரெச்சரில் வந்தாலும்
செத்தே போயிருந்தாலும்
ரிப்போர்ட்டில் அது நேராக நிற்கும்,
முகம் முன்னால் பார்த்து,
உள்ளங்கை இரண்டையும் விரித்து,
என்னிடம் ஒன்றுமில்லை என்று
சோதனைச்சாவடியில் காட்டுகிற மாதிரி.

நெஞ்சுப் பக்கம் ஆன்டீரியர். முதுகு போஸ்டீரியர்.
தோளுக்குக் கிட்டத்தில் ப்ராக்சிமல்,
தள்ளிப் போகப் போக டிஸ்டல்.
என் வீடு திருப்பாலை தாண்டி;
இந்த ஊருக்கு நான் ரொம்பவே டிஸ்டல்.
திசைச்சொல் என்றால் பிற நிலத்துச் சொல் என்று
ஒன்பதாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
இங்கே அது நிஜமாகவே திசை.

இடது என்றால் எப்போதும் அவருடைய இடது.
படம் பார்க்கிறவருக்கு அது வலப்பக்கம் விழும்.
ஒருமுறை தவறினேன். கிட்னி.
கையெழுத்துக்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டார்.
அன்றிலிருந்து, அந்தச் சொல்லைத் தட்டுமுன்
என் இடது கையை ஒருதரம்
மேசைமேல் வைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு
பக்கீர் முகமது, ஐம்பத்தெட்டு, நெல்பேட்டை.
கவரைப் பிரித்துக்கொண்டு நேரே வந்தார்.
“ஸ்ப்ளீன்னு போட்டிருக்கே, என்னம்மா அது?”
“மண்ணீரல்.”
“கல்லீரல் தெரியும். மண்ணீரல் எங்கே கிடக்கு?”

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல்.
வைகைக்கும் அதே மூன்றுதான்,
கல்லும் மண்ணும் எப்போதும்,
தண்ணீர் வந்தால் நுரை.
அவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.
பில்லின் பின்பக்கம் ஒரு ஆளை வரைந்தேன்.
விலாவுக்கு அடியில், இரைப்பைக்குப் பக்கத்தில்,
நாக்கு மாதிரி, கருஞ்சிவப்பு என்றேன்.
பேனா முனையையே பார்த்தவர்
கத்திவிட்டார்: “அட, சுவரொட்டி!”

வாட்ச்மேன் குச்சியோடு வெளியே ஓடினார்,
காம்பவுண்டில் எந்தக் கட்சிக்காரன் என்று பார்க்க.

முப்பத்தோரு வருஷமாகக் கறிக்கடையாம்.
ஆட்டுக்கு ஒண்ணே ஒண்ணு,
வயித்துச் சுவரோட ஒட்டிக்கிடக்கும்,
கத்தியே வேணாம், விரலைக் கொடுத்தா கழண்டு வரும்.
ரத்தம் பத்தாத பிள்ளைத்தாச்சிகளுக்கு
எடுத்துவைத்துக் கொடுப்பாராம். காசு வாங்குவதில்லை.
கொஞ்சம் பொறுத்து, “பாதிக் காசு” என்று திருத்தினார்.

அவருக்கு எல்லாம் தெரியும், வேறு பெயரில்.
ஆனால் அவருடைய உடம்பு நான்கு காலில் நிற்கிறது.
அங்கே தலை முன்னால், வால் பின்னால்,
வயிறு தரையைப் பார்க்கும்.
இரண்டு காலில் எழுந்த அன்று நமக்கு
முன் மேலாகிவிட்டது,
கீழ் முன்னாகிவிட்டது.

“அதுக்கு இப்ப என்னவாம்?”
பதினாறு சென்டிமீட்டர். நான் தட்டியதுதான்.
வீக்கம் என்ற சொல்லைக்கூட
இந்த மேசையிலிருந்து சொல்லக் கூடாது.
“டாக்டரைப் பாருங்க.”
ரிப்போர்ட்டின் ஓரத்து எண்ணைத் தடவிவிட்டு
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தார்.
சாணுக்குக் குறைவு.
“ஆட்டுல இவ்வளவு வராதே” என்றார்,
எனக்கில்லை.

பிறகு விலாவில் கை வைத்தார்.
வலப்பக்கம்.
என் படத்தில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

வாயால் சொல்லியிருக்கலாம்.
எழுந்து, மேசையைச் சுற்றிப் போய்,
எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று,
அவர் பார்க்கிற தண்ணீர் கேனையே நானும் பார்த்து
என் இடது விலாவைத் தொட்டேன்.
அவர் கை மெதுவாக
நெஞ்சைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது.

“இங்கனயா.”
“அங்கதான்.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.
காதிலிருந்து கழற்றிய ஹெட்போனில்
டாக்டர் அடுத்ததைத் தொடங்கியிருந்தார்:
பெண், முப்பத்து நான்கு, முழங்கால்,
எந்தப் பக்கம் என்பது
எனக்குக் கேட்கவில்லை.